ஆத்துல இறங்காம அகலம் அளக்கலாமா?

வில்லியனூர் பக்கத்துல திருக்காஞ்சி, சங்கராபரணி ஆத்தங்கரை. உங்க கையில ஒரு டேப், ஒரு கயிறு, நாலு குச்சி. தண்ணியில கால் வைக்காம ஆத்தோட அகலத்தைச் சொல்லணும். பள்ளிக்கூடத்துல படிச்ச சர்வசம முக்கோணம் போதும்.

எதிர்க்கரையில ஒரு மரத்தைக் குறிச்சுக்கோங்க: அது 'அ'. அதுக்கு நேர் எதிரே இந்தக் கரையில 'ஆ'. அங்கிருந்து செங்கோணமா, கரையோரமாவே 20 மீட்டர் நடந்து 'இ'-ல குச்சி நடுங்க. அதே நேர்கோட்டுல இன்னும் 20 மீட்டர் போனா 'ஈ'. அங்க ஆத்துக்கு முதுகைக் காட்டி, செங்கோணமா நடங்க. 'இ' குச்சியும் மரமும் ஒரே கோட்டுல தெரியற இடம் 'உ'. ஈஉ தூரம்தான் ஆத்தோட அகலம்.

ஏன்? நிரூபணம் மூணே வரி:

1. கோணம் ஆ = கோணம் ஈ = 90°
2. ஆஇ = இஈ = 20 மீ
3. 'இ'-ல இருக்கற ரெண்டும் குத்தெதிர்க் கோணங்கள், அதனால சமம்.

கோ-ப-கோ விதிப்படி ரெண்டு முக்கோணமும் சர்வசமம். ஆகவே அஆ = ஈஉ.

இந்த மூணு வரியும் மார்க்குக்காக மட்டும் இல்ல. கரையில நீங்க சரிபார்க்க வேண்டிய பட்டியலே இதுதான். ஆறு உண்மையில 30 மீட்டர்னு வைங்க. 'ஈ'-ல 90°-க்குப் பதிலா 95° திரும்பிட்டா, விடை சுமார் 34.7 மீட்டர்னு வரும். முதல் வரி உடைஞ்சா பாலமே நீளம் மாறிடும்!

செங்கோணத்தை எப்படி உறுதி செய்யறது? கயிறுல 3, 4, 5 மீட்டர் பக்கங்கள் வர்ற மாதிரி முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டுங்க. ப-ப-ப விதிப்படி அந்த அளவுகளுக்கு ஒரே வடிவம்தான். செங்கோணம் தானா வந்துடும்.

மூணு கோணமும் தெரிஞ்சா மட்டும் போதாதா? போதாது. வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது. அதனாலதான் 1802-ல லாம்டன் சென்னை பரங்கிமலை பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை முதல்ல சங்கிலியால அளந்தார். இந்தியாவோட முக்கோண அளவைக்கே ஆரம்பம் அந்த ஒரு பக்கம்தான்.

இப்போ உங்க முறை. பாகூர் ஏரியோட ஒரு மூலை. ரெண்டு கரைக்கும் நடந்து போகலாம், நடுவுலதான் தண்ணி. குறுக்குத் தூரத்தை எப்படி அளப்பீங்க? கோணமானியே வேண்டாம். துப்பு: ப-கோ-ப.