பிரமிடா, கிண்ணமா?

கே: எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்கலாம் என்று அரசாங்கங்கள் படம் போட்டுச் சொல்கின்றனவே, வெளியிடும் முன் மக்களிடம் காட்டிப் பார்ப்பார்களா?

ப: பார்ப்பார்கள். சில சமயம் நிஜமாகவே, சில சமயம் சாக்குக்காக. அமெரிக்காவில் இரண்டும் சேர்ந்தே நடந்தது. 1991 ஏப்ரலில், அச்சுக்குப் போகவிருந்த உணவுப் பிரமிடு படத்தை அந்நாட்டு விவசாயத் துறை திடீரென நிறுத்தியது. குழந்தைகளிடமும் அதிகம் படிக்காதவர்களிடமும் சோதித்துப் பார்க்கவில்லையாம்! இறைச்சி, பால் வியாபாரிகளின் நெருக்குதல்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கும் அப்படித்தான் படுகிறது. தங்கள் சரக்கை எண்ணெய், இனிப்புக்கு அடுத்த படியில், குறைவாகச் சாப்பிடச் சொல்லும் உச்சிக்குப் பக்கத்தில் வரைந்தால் யாருக்குப் பிடிக்கும்?

ஆனால் சொன்னபடி சோதனையும் நடந்தது. பிரமிடையும், அதற்கு மாற்றாக வரைந்த கிண்ணங்களின் படத்தையும் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டார்கள். எது அதிகம், எது குறைவு என்பதைப் பிரமிடே கூடுதலாகப் புரியவைத்தது. 1992 ஏப்ரலில், ஏறக்குறைய அதே படம் வெளிவந்தது.

படம் தேறியது, கணக்குதான் இடித்தது. அடித்தட்டில் தானியம் நாளுக்கு 6 முதல் 11 பங்கு என்றிருந்தது. ஒரு பங்கு என்றால் ஒரு ரொட்டித் துண்டு அல்லது அரைக் கப் சோறு. தட்டு நிறையப் போட்டுச் சாப்பிடுகிறவர் அதை ஒன்று என்று எண்ணுவாரா, நான்கு என்றா? 2005இல் கப், அவுன்ஸ் அளவுக்கு மாறினார்கள். 2011இல் பிரமிடையே விட்டுவிட்டுத் தட்டுப் படம் போட்டார்கள்: பாதித் தட்டு காயும் பழமும், எண்ணிக்கையே கிடையாது.