விடிகாலை டிகிரிக்கு என்ன விலை?

வானிலை கேள்வி-பதில்

கேள்வி: நியூயார்க்கில் நாளை விடிகாலை குறைந்தபட்ச வெப்பநிலை எவ்வளவு இருக்கும் என்று பணம் கட்டுகிறார்களாம். 'அதன் விலை இப்போது 40 சென்ட்' என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். வெப்பத்துக்குக்கூடவா விலை?
- வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: விலை ஊகத்துக்கு. இதற்குக் 'கணிப்புச் சந்தை' என்று பெயர். 2020-ல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்திடம் அனுமதி வாங்கிய கால்ஷி என்ற நிறுவனம் இப்படி ஒரு சந்தையை நடத்துகிறது. 'நாளைய குறைந்தபட்சம் இத்தனை டிகிரிக்குள் இருக்கும்' என்று ஒரு சீட்டு. சொன்னபடி அமைந்தால் ஒரு டாலர், தவறினால் பூஜ்யம். அந்தச் சீட்டு 40 சென்ட்டுக்குக் கைமாறினால், நடக்க நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு என்று கூட்டம் நினைக்கிறது என்று பொருள்.

முடிவைச் சொல்வது அந்நாட்டு வானிலைத் துறையின் அன்றாட அறிக்கை. நியூயார்க் என்றால் சென்ட்ரல் பார்க்கில் இருக்கும் கருவி. ஊர் முழுக்கப் புழுங்கினாலும் சரி, நடுங்கினாலும் சரி, அந்த ஒரு கருவி காட்டும் எண்ணுக்குத்தான் காசு.

கேள்வி: நம் புதுச்சேரிக்கு அப்படி ஒரு சந்தை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாமே? கத்திரி வெயிலில் தினமும் ஒரே புழுக்கம்தானே?
- வாசகி, லாஸ்பேட்டை

பதில்: பாதி சரி. மே மாத இரவில் நமக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெந்நீர்த் தொட்டி கிடக்கிறது, வங்கக் கடல். பகலில் அடித்த கடற்காற்று கொண்டுவந்து சேர்த்த ஈரப்பதம், தரையிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் போர்வை மாதிரி தடுக்கிறது. அதனால் பல நாட்கள் விடியும்போது 27, 28 டிகிரியை ஒட்டியே நிற்கும். நடுநிசிக்கு மேல் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று திரும்பி வந்தால் கொஞ்சம் இறங்கும். தெற்கிலிருந்து கடல் ஈரமே இரவெல்லாம் வீசினால் இறங்காது. ஒரு டிகிரிக்குள் நடக்கும் இழுபறி இது. பந்தயம் கட்டுபவருக்கு அந்த ஒரு டிகிரிதான் எல்லாம்.

இதில் கோடை மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் செஞ்சிப் பக்கம் கருத்து, ஏழு மணிக்கு இடியோடு நம் தலைக்கு மேல் வந்து கொட்டினால், மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்றில் வெப்பநிலை சரசரவென்று சரியும். அன்றைய குறைந்தபட்சம் விடிகாலையில் இல்லாமல் இரவு ஏழரைக்கே பதிவாகிவிடும்.

அது எந்தத் தேதிக் கணக்கில் சேரும்? இந்திய வானிலைத் துறை குறைந்தபட்சத்தைக் காலை 8.30-க்குப் படிக்கிறது. முந்தைய 24 மணி நேரத்தில் எது குறைவோ அதுதான் அன்றைய எண். ஆக 14-ந் தேதி இரவு பெய்த மழையின் குளிர், 15-ந் தேதிக் கணக்கில் ஏறும். நியூயார்க்கில் நாள் கணக்கை நள்ளிரவில் வெட்டுகிறார்கள். அதுவும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டு, வானிலைக் கணக்கை மட்டும் பழைய நேரத்திலேயே வைத்திருப்பதால், அவர்களுடைய 'நாள்' இரவு ஒரு மணிக்குத்தான் தொடங்குகிறது. வானத்தை நன்றாகப் படித்தவர்கூட இந்த விதியைப் படிக்காமல் போனால் காசை விட்டுவிடுவார்.

கேள்வி: மொட்டை மாடியில் வைத்திருக்கும் என் தெர்மாமீட்டர், செய்தியில் சொல்வதைவிட எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறது. யார் சொல்வது சரி?
- வாசகர், முதலியார்பேட்டை

பதில்: உங்கள் கருவி உங்கள் மாடியைப் பற்றிச் சரியாகவே சொல்கிறது. பகலெல்லாம் வெயில் குடித்த சிமென்ட் தளம் இரவு முழுக்க அதைக் கக்கிக்கொண்டிருக்கும். வானிலைத் துறையின் கருவி இருப்பது வேறு இடம்: திறந்த வெளி, புல் தரை, நெஞ்சுயரத்தில் பலகைச் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டி.

அதற்குள் இருக்கும் குறைந்தபட்ச வெப்பமானி அழகான சாதனம். படுக்கைவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் ஆல்கஹால், ஆல்கஹாலுக்குள் குண்டூசி அளவில் ஒரு குறிமுள். குளிரக் குளிர ஆல்கஹால் சுருங்கும். அதன் விளிம்பு முள்ளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். விடிந்து சூடேறினால் ஆல்கஹால் முள்ளைத் தாண்டி விரியும், முள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். காலையில் வரும் ஊழியர் முள்ளின் நுனியைப் படித்துக் குறித்துக்கொண்டு, குமிழ்ப் பக்கத்தைத் தூக்கிச் சாய்த்து, முள்ளை மறுபடி விளிம்புக்குக் கொண்டுவருவார். இன்று பல இடங்களில் தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. செய்யும் வேலை அதேதான்.

கேள்வி: பாரிஸில் இருக்கும் என் மைத்துனர் மூலமாகக் கட்டலாமா? இது சூதாட்டமா, வியாபாரமா?
- பெயர் வேண்டாம், புதுச்சேரி

பதில்: வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. 'ஆம், இல்லை' என்று பணம் கட்ட வைத்த புரோபோ என்ற தளம் அந்த மாதமே கடையைச் சாத்தியது. அதற்கு முன்பே, ஏப்ரலில், இத்தகைய தளங்கள் தன் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி எச்சரித்திருந்தது. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ம் பிரிவு.

மைத்துனர் வழியும் அடைப்புதான். பந்தயக் கடனுக்கு வழக்குப் போட முடியாது என்கிறது பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1965-ம் பிரிவு. பாலிமார்க்கெட் என்ற கணிப்புச் சந்தைத் தளம் 2024 நவம்பரில் பிரான்சில் பந்தயத்தை நிறுத்தியது.

இந்த ஆசை புதிதும் இல்லை. கல்கத்தாவின் படா பஜாரில் மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தவர்களை நிறுத்த 1897-ல் வங்காளத்தில் தனிச் சட்டமே போட்டார்கள்.

கேள்வி: 90 சதவீதம் வாய்ப்பு என்றால் நடந்தே தீரும் என்றுதானே அர்த்தம்?
- மாணவி, காலாப்பட்டு

பதில்: உங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்க்க, 1760-ல் பிரான்சிலிருந்து லெ ஜாந்தி என்ற வானியலாளர் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். அவர் வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலில் இருந்து அளக்க முடியவில்லை. அடுத்த தடவைக்காக எட்டு வருடம் இந்தப் பக்கக் கடல்களிலேயே காத்திருந்தார். 1768-ல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் கட்டினார். மே மாதம் முழுக்கக் காலை வானம் பளிச்சென்று இருந்தது. 1769 ஜூன் 3 இரவும் தெளிவு. சந்தை இருந்திருந்தால் சீட்டு 90 சென்ட்டுக்கு மேல் போயிருக்கும். 4-ந் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தார்: மேகம். வெள்ளி கடந்து முடிந்த பிறகுதான் சூரியன் வெளியே வந்தது. அவர் அதற்கு முன் தங்கியிருந்த மணிலாவில் அன்று வானம் சுத்தம்.

அவருடைய கணிப்பில் பிழை இல்லை. பத்தில் ஒன்று என்றால் பத்தில் ஒரு நாள் வந்தே தீரும். எந்த நாள் என்பதை மட்டும் எந்த விலையும் சொல்வதில்லை.