ஈபிள் கோபுரத்தில் நம் லேபுக்காரர் பெயர்



பாரிஸ் நகருக்கு முதல்முறை போகிறவர்கள் ஈபிள் கோபுரத்தின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் பாரிஸ் போனதில்லை. ஆனாலும் நூலகத்தில் படித்ததை வைத்து, ஒரு சிவில் மாணவன் போனால் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் சேன் நதியின் மறுகரையில், ட்ரொகாடேரோ மேட்டில் நிற்க வேண்டும். கோபுரம் அடி முதல் நுனி வரை தெரியும். 1887 ஜனவரியில் வேலை ஆரம்பித்து 1889 மார்ச் 31-ல் முடித்தார்கள். 18,038 இரும்பு உறுப்புகள், 25 லட்சம் ரிவிட்டுகள், சட்டகம் மட்டும் 7,300 டன். அன்று கொடிக்கம்பத்தோடு 312 மீட்டர். புது ஆன்டெனா ஏறியதால் 2022 முதல் 330 மீட்டர்.

அடுத்து யேனா பாலத்தைத் தாண்டி, கால்களுக்கு அடியில் வரலாம். ஆற்றோரத்து இரண்டு கால்களுக்கும் நீர் ஊறும் மண். அதனால் இரும்புக் கெய்சன்களை இறக்கி, அழுத்தக் காற்றால் தண்ணீரைத் தள்ளி, உள்ளே ஆட்கள் இறங்கித் தோண்டினார்கள். சாய்ந்து எழும் நாலு கால்களும் முதல் தளத்தில் ஒரே மட்டத்தில் சேர வேண்டுமே? மணல் பெட்டிகளும் ஹைட்ராலிக் ஜாக்கிகளும் வைத்தார்கள். மணலைக் கொஞ்சம் வெளியே விட்டால் சட்டகம் இறங்கும். ஜாக்கி போட்டால் ஏறும். ரசமட்டம் பார்க்கிற வேலைதான், அளவு மட்டும் பெரிசு!

பிறகு ராணுவப் பள்ளி இருக்கும் பக்கம் சுற்றிப் போய் அண்ணாந்து பாருங்கள். முதல் தளத்துக்குக் கீழே, பக்கத்துக்கு 18 வீதம் 72 விஞ்ஞானிகள், பொறியாளர்கள் பெயரை ஈபிள் பொறித்தார். அந்தப் பக்கத்தில் கூலம் இருக்கிறார், பாய்சான் இருக்கிறார். கூடவே விகாட்! ஆமாம், சிமென்ட் லேபில் ஊசி விடுகிறோமே, அதே லூயி விகாட் (1786-1861). அது ஏதோ கம்பெனி பெயர் என்றே நான் நினைத்திருந்தேன்.

என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். "நான் விரலால அமுக்கிப் பார்த்தே இறுகிடுச்சான்னு சொல்லுவேன்டா. சரி, ரிவிட்டு அடிச்சவன் பேரு அதுல இருக்கா?" என்றார்.

அந்த 72-ல் ஒரு தொழிலாளி பெயரும் இல்லை. ஒரு பெண் பெயரும் இல்லை. உலோகத் தகடுகளின் மீள்தன்மையை ஆராய்ந்து 1816-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் பரிசு பெற்ற சோபி ஜெர்மேன் பெயரைக்கூட அன்று எழுதவில்லை. அப்பாவிடம் "இல்லப்பா" என்றுதான் சொல்ல முடிந்தது.

உண்மையைச் சொல்கிறேன். ஆரம்ப இறுகு நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது நமக்கு மனப்பாடம். ஆனால் போன செமஸ்டரில் பக்கத்து பேட்ச் ரீடிங்கைப் பார்த்துத்தான் ரெக்கார்டில் எழுதினேன். அப்பா விரலால் அமுக்கிக் கற்றதை, கருவி கையில் இருந்தும் நான் கற்கவில்லை!

நண்பர்களே, நம் பெயரை யாரும் கோபுரத்தில் எழுதப்போவதில்லை. எழுதாவிட்டாலும், ரிவிட்டு அடித்தவன் ஒழுங்காக அடித்ததால்தான் கோபுரம் நிற்கிறது. இனி ஊசியை நானே விட்டுப் பார்க்கப்போகிறேன். நீங்களும் பாருங்களேன்.