தூக்கத்தைத் துரத்தாதீர்கள்
கணவன் மனைவிக்கு ஒரு பாடம்



பசியும் தாகமும் போலத் தூக்கமும் உடம்பின் தேவை. வீட்டில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டால் அது அவரோடு நிற்பதில்லை. கோபம் வருகிறது, வேலை கெடுகிறது, பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள், கணவன் மனைவிக்குள் பேச்சு குறைகிறது. ஆகவே இது இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்.

ஒரு வீட்டுக் கதை

கள்ளிக்குப்பத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோது இந்தப் பகுதியும் மாநகரம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டுக்கு இன்னும் திண்ணை உண்டு. ஓர் அறை, ஒரு சமையல் கட்டு, இரண்டு பிள்ளைகள். கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்கிறவர். மனைவி வீட்டில் தையல் வேலை பார்க்கிறவர்.

தங்கையின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனால் அவருக்குத் தூக்கம் போயிற்று. ஒரு வருஷத்தில் கடன் அடைந்தது. தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

"என்னங்க, மணி ரெண்டாச்சு. இன்னும் தூங்கலையா?"

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க வருது?"

"கடன்தான் அடைஞ்சு போச்சே. இன்னும் என்ன யோசனை?"

"யோசனை ஒண்ணும் இல்லம்மா. பாயில படுத்தாலே, 'இன்னிக்கும் வராதோ'ன்னு பயம் வந்துடுது."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. தூக்கத்தைக் கெடுத்த காரணம் போய்விட்டது. ஆனால் தூக்கத்தைப் பிடிக்க அவர் செய்த காரியங்கள் புதுக் காரணமாகி நின்றுவிட்டன. இழந்த தூக்கத்தை ஈடுகட்ட எட்டரை மணிக்கே படுத்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் தூங்கினார். அசதி தெரியாமலிருக்கச் சாயங்காலமும் டீ குடித்தார். பிறகு கொஞ்சம் சாராயம். அதுவும் பலிக்காமல் சிநேகிதர் கொடுத்த மாத்திரை.

ஒருநாள் காலை, சக் சுழன்றுகொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் செருகியது. பக்கத்து மெஷின்காரர் பாய்ந்து சுவிட்சை அணைத்ததால் விரல் தப்பியது. அன்று சாயங்காலமே மனைவி அவரை நர்ஸம்மாவிடம் அழைத்துப் போனார்.

எது தூக்கமின்மை?

இரவில் ஓரிரு முறை விழிப்பது நோய் அல்ல. தூக்கம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக ஓடுகிறது. சுற்று முடியும் இடத்தில் லேசாக விழிப்பு வருவது இயற்கை. பெரியவர்களுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் மாறும்.

வாரத்தில் 3 இரவாவது தூக்கம் கெட்டு, பகல் வேலையும் கெட்டு, இப்படியே 3 மாதம் நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அதற்கு வைத்தியம் உண்டு.

நர்ஸம்மா சொன்னது

"தூக்கம் கோழிக்குஞ்சு மாதிரி. துரத்தினா ஓடும், சும்மா உட்கார்ந்தா தானா பக்கத்துல வரும்," என்று சிரித்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

1. எழுகிற நேரத்தைக் கட்டுங்கள். படுக்கிற நேரம் நம் கையில் இல்லை. எழுகிற நேரம் நம் கையில் இருக்கிறது. தூங்கினாலும் தூங்காவிட்டாலும், ஞாயிறானாலும் பண்டிகையானாலும், ஒரே நேரத்தில் எழுங்கள். எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாருங்கள். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதை இயக்கும் நுட்பத்தைக் கண்டறிந்த மூன்று அறிஞர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம்.

2. தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும் படுங்கள். அசதி வேறு, தூக்கம் வேறு. உடம்பு வலிக்கிறது என்று எட்டரைக்கே படுத்தால் பத்தரை வரை புரளத்தான் செய்வீர்கள்.

3. வராவிட்டால் எழுந்துவிடுங்கள். சுமார் கால் மணி நேரம் புரண்டும் வராவிட்டால் பாயை விட்டு எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக உட்காருங்கள். கண் சொக்கும்போது மறுபடி படுங்கள். பாயைப் பார்த்ததும் பயம் வந்தது போய், தூக்கம் வரவேண்டும். அதுதான் இதன் நோக்கம். அமெரிக்க உளவியல் அறிஞர் ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் எடுத்துச் சொன்ன முறை இது.

"ஒரே ரூமு சிஸ்டர். பிள்ளைங்க படுத்திருக்குமே, எங்க போய் உட்கார்றது?" என்று கேட்டார் மனைவி.

"திண்ணை இருக்குல்ல? இல்லன்னா வாசப்படி. லைட்டைப் போட வேணாம், போனை எடுக்க வேணாம், மணியையும் பார்க்க வேணாம்."

4. பகலில் பாயைச் சுருட்டி வையுங்கள். பாயில் படுத்துக்கொண்டு போன் பார்ப்பது, கடன் கணக்கு பேசுவது, சண்டை போடுவது கூடாது. பாய் தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும். கவலை இருந்தால் சாயங்காலமே இருவரும் உட்கார்ந்து பேசி, நாளை செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

5. மத்தியானத்துக்குப் பிறகு டீ, காப்பி வேண்டாம். அவற்றிலுள்ள காஃபீன் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 5 மணி டீயில் பாதி, இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். பீடி, சிகரெட்டும் விழிக்க வைக்கிற சரக்குதான்.

6. குடியைத் தூக்க மருந்து ஆக்காதீர்கள். குடித்தால் சீக்கிரம் கண் அசரும். பின்னிரவில் விழிப்பு வந்து தூக்கம் துண்டு துண்டாகும்.

7. கொசுவலை கட்டுங்கள். சுற்றிலும் ஏரி உள்ள ஊருக்கு இது தூக்கத்துக்கும் காவல், காய்ச்சலுக்கும் காவல்.

மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை

அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் போடாதீர்கள். இவை பழகிப்போகும். குடியோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பல நாளாகப் போட்டு வருகிறவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் சிகிச்சைதான், மாத்திரை பிறகு என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது.

நைட் ஷிப்டு பார்ப்பவர்களுக்கு

காலையில் வீடு திரும்பியதும் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் படுங்கள். டீயை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண் சொருகினால் வண்டியை எடுக்காதீர்கள். 20 நிமிஷம் கண்ணயர்ந்து பிறகு புறப்படுங்கள். வீட்டில் உள்ளவர்கள் அந்த நேரத்தை ராத்திரி என்றே நினைத்து மிக்ஸியையும் டிவியையும் நிறுத்தி வையுங்கள்.

கணவன்மார் கவனத்திற்கு

கைக்குழந்தை உள்ள வீட்டில் தாய்க்குத் தூக்கமே மருந்து. பால் கொடுப்பது அவர் வேலை என்றாலும், துணி மாற்றுவதும் தோளில் போட்டுத் தட்டுவதும் நீங்கள் செய்யலாமே! குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது என்றால் அதை 'பிடிவாதம்' என்று ஒதுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். மாதவிலக்கு நிற்கும் வயதில் இரவில் உடம்பு கொதித்து வியர்ப்பதாலும் தூக்கம் கெடும். அதற்கும் யோசனை கேட்கலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

உரத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் போக வேண்டும். தூங்குகிறவருக்கு இது தெரியாது; பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். படுத்ததும் கால் குடைச்சல், இரவில் அடிக்கடி சிறுநீர், மனச்சோர்வு, வலிப்பு நோய் உள்ளவர்களும் முதலில் டாக்டரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிஷமே வீட்டாரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

கதையின் முடிவு

முதல் வாரம் அவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது. இரண்டு முறை திண்ணைக்கு வந்தார். பகலில் அசதி கூடியது. அந்த நாட்களில் மேஸ்திரியிடம் சொல்லி லேத்தை விட்டுப் பாக்கிங் வேலை வாங்கிக்கொண்டார். ஞாயிறன்றும் ஐந்தரைக்கே மனைவி எழுப்பிவிட்டார். மாத்திரையை டாக்டர் சொன்னபடி குறைத்தார். சில வாரங்கள் போயின.

"நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?"

"தெரியலையேம்மா!"

தூக்கம் திரும்பியதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?

நினைவில் கொள்ளுங்கள்:
எழும் நேரம் ஒன்றாகட்டும், இரவு நன்றாகும்.
பாயில் கவலை வேண்டாம். கடையில் மாத்திரை வேண்டாம்.