சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? சீட்டு எழுதும் முன்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களின் ஸ்கேன் சீட்டில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: 'காது கேட்கவில்லை, சி.டி. எடுக்கவும்.' இதை வைத்துக்கொண்டு ரேடியாலஜிஸ்ட் எதைத் தேடுவார்?

முதலில் ஆடியோகிராமை வாங்கிப் பாருங்கள். கைக்குழந்தை என்றால் பெரா. ஒலி போகும் வழியில் தடையா, உட்காதிலோ நரம்பிலோ கோளாறா என்று தெரியாமல் ஸ்கேன் அறைப் பக்கம் போகவேண்டாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்த பிள்ளைக்குப் பெரும்பாலும் ஸ்கேனே தேவையில்லை. மூன்று மாதம் பொறுத்து மறுபடி சோதித்தால் போதும்.

எலும்பைப் பற்றிய சந்தேகம் என்றால் சி.டி. சிற்றெலும்புக் குறை, தலையில் அடி, கொலஸ்டியடோமா அரித்த எலும்பு எல்லாம் இதில் சேரும். பிறவியிலேயே காதுத்துளை மூடியிருந்தால் அவசரமில்லை. அறுவையை யோசிக்கும் வயதில் எடுக்கலாம். கதிர்வீச்சு வீணாகவேண்டாம்.

நரம்பு என்றால் எம்.ஆர்.ஐ. ஒரு காது மட்டும் கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் நரம்பே மெலிந்தோ இல்லாமலோ இருக்கக்கூடும். எலும்புக் குழாய் குறுகியிருப்பதைச் சி.டி.யில் பார்த்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். 'உட்செவிக் குழாய்க்குக் குறுக்கே சாய்ந்த சஜிட்டல், மெல்லிய டி2 வெட்டுகள். காக்ளியர் நரம்பு இருக்கிறதா?' என்று சீட்டில் எழுதுங்கள். அந்த வெட்டில் நான்கு நரம்புகள் நான்கு புள்ளிகளாகத் தெரியும். முன்புறம் கீழே இருப்பதுதான் காக்ளியர். எழுதாமல் விட்டால் வெறும் மூளை ஸ்கேன் வந்து சேரும், குழந்தைக்கு இன்னொரு முறை மயக்க மருந்து.

மயக்கம் தவிர்க்கவும் வழி உண்டு. சில மாதக் குழந்தை என்றால், மெஷின் தயாரானதும் பால் கொடுத்துத் துணியில் சுற்றினால் பல நேரம் தூங்கிவிடும். இதற்கு டெக்னீஷியனின் ஒத்துழைப்பு வேண்டும். அவரோடு நல்ல உறவு வைத்திருங்கள். 'கேட்காத பிள்ளைதானே' என்று காதுக் கவசத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மிச்சமிருக்கும் கேள்திறனை அந்த இரைச்சலுக்குப் பலி கொடுப்பதா?

மெனிஞ்சைட்டிஸ் வந்துபோன பிள்ளையை வரிசையில் நிறுத்தக் கூடாது. காக்ளியா சில வாரங்களிலேயே இறுகத் தொடங்கலாம். முற்றினால் இம்பிளான்ட்டின் எலக்ட்ரோடு உள்ளே போவது கஷ்டம். சி.டி.யில் எலும்பு தெரியும் முன்பே, உள்ளிருக்கும் திரவம் மறைவதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும்.

இரண்டு காதும் ஒரே அளவில் கேட்காவிட்டால் மரபணுச் சோதனையை, முக்கியமாகக் கனெக்சின் 26-ஐ, முதலில் யோசியுங்கள். ஸ்கேன் பலமுறை இயல்பாகவே வரும். இம்பிளான்ட் என்று முடிவானால் பல மையங்களில் இரண்டு ஸ்கேனும் எடுப்பார்கள். முகநரம்பு போகும் பாதை சர்ஜனுக்குத் தெரிந்தாகவேண்டும்.

ரிப்போர்ட்டில் வெஸ்டிபுலர் அக்விடக்டின் அளவைத் தேடிப் பாருங்கள். நடுப்பகுதியில் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் விரிவு. தலையில் சிறிய அடி பட்டாலும் கேள்திறன் சட்டென இறங்கக்கூடும் என்பதைத் தாயிடம் அன்றே சொல்லுங்கள், தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.