குடல் நோயும் கல்லீரலும்

பெருங்குடலில் புண் உண்டாகி, சளியும் ரத்தமுமாகப் பேதியாகும் நோய்க்கு அல்சரேடிவ் கொலைடிஸ் என்று பெயர். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடிய அழற்சி கிரோன்ஸ் நோய். இவை குடலோடு நிற்பதில்லை, சிலருக்குக் கல்லீரலையும் பாதிக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை.

நான் மருத்துவன் அல்லன்; ரயில்வேயில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை மகனுக்கு எட்டு ஆண்டுகளாகக் கொலைடிஸ். குடல் தொந்தரவு அறவே அடங்கியிருந்த சமயத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் ஈரல் பாதிப்பு தெரிய வந்தது. அதன்பின் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

ஈரலில் ஊறும் பித்தநீர் மெல்லிய குழாய்கள் வழியே சிறுகுடலுக்கு வருகிறது. கொலைடிஸ் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு இக்குழாய்கள் அழன்று, தழும்பேறி, ஆங்காங்கே சுருங்கிவிடும். பித்தநீர் தேங்கி, ஈரல் நாளடைவில் கெட்டுப்போகும். இதற்கு பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைடிஸ் என்று பெயர். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியும் இராது, காமாலையும் இராது. குடல் நோய் லேசாக இருப்பவருக்கும் இது வரும். பெருங்குடலை அறுவை செய்து எடுத்துவிட்டாலும் இது நின்றுவிடுவதில்லை.

தண்டவாளத்தின் உள்ளே விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ரயில்வேயில் குறித்த காலத்தில் அல்ட்ராசானிக் கருவியால் சோதிக்கிறோம். ஈரலுக்கும் அதே முறைதான்.

ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் அளவு தொடர்ந்து உயர்ந்திருந்தால் சந்தேகம் எழும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ச்சியாலும் இது கூடும்; ஆகவே ஜி.ஜி.டி. அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பிறகு எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் குழாய்களின் சுருக்கம் தெரியும்.

இதை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஈரல் மிகவும் கெட்டால் மாற்று அறுவைதான் வழி. பின் முன்கூட்டித் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. பெரிய அடைப்பை எண்டாஸ்கோபி மூலம் விரிக்கலாம். மேலும், இரு நோயும் சேர்ந்தவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் அதிகம்; ஆண்டுதோறும் கொலனாஸ்கோபி செய்தால் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை:

1. அசத்தியோபிரின், மெதோட்ரெக்சேட் மாத்திரைகளும் ஈரலைத் தாக்கலாம். டாக்டர் சொன்ன தவணையில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

2. உறங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்சிமாப் போன்றவற்றால் விழித்தெழக்கூடும். முன்னதாகவே சோதித்துக்கொள்ளுங்கள். கிருமி இல்லாதவருக்குத் தடுப்பூசி உண்டு.

3. காமாலை கண்டால் கீழாநெல்லியோடு நின்றுவிடாதீர்கள். அடைப்பு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். காமாலையோடு குளிர்காய்ச்சலும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. நமக்கு வைத்தியம் பாதி இங்கே, பாதி லீவில் போகும்போது ஊரில். எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதிவாரியாக ஒரே பைலில் வைத்து இரு டாக்டர்களிடமும் காட்டுங்கள். ஒரு தடவை எடுத்த அளவைவிட, ஆண்டுக்காண்டு அது ஏறி வருவதே அதிகம் சொல்லும்.

வயிறு நன்றாக இருக்கிறதே என்று இந்த ஆண்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.