ஓன் போர்டு காரில் பெட்ரோல் செலவுக்குப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வசிக்கிறேன். அப்பா தறி நெய்கிறார். நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பஸ் ஷிப்டு நேரத்துக்குத்தான் வரும். என் வேலை நேரம் வேறு என்பதால் சொந்தக் காரில் போய் வருகிறேன். தெரிந்தவர்கள் மூன்று பேர், "நாங்களும் வருகிறோம், பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்" என்கிறார்கள். "ஓன் போர்டு வண்டியில் காசு வாங்கினால் ஆர்.டி.ஓ. பிடித்துவிடுவார்" என்று அப்பா பயப்படுகிறார். விபத்து நடந்தால் அவர்களுக்கு நான் பொறுப்பா? ஆப் மூலம் ஆள் சேர்க்கலாமா?
– வாசகி, காஞ்சிபுரம்

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் செலவுக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. உடன் வருபவர்களைக் காக்கும் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை எடுக்கவும் கூடாது.

முதலில் அப்பாவின் பயத்தைப் பார்ப்போம். அதில் நியாயம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி, வாடகைக்கோ கைம்மாறுக்கோ ஆட்களை ஏற்றும் வண்டி பொதுச்சேவை வாகனம். அதற்குப் பிரிவு 66-ன் கீழ் பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால், பிரிவு 192ஏ-ன்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். பிரிவு 207-ன் கீழ் வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரம் உண்டு.

செலவைப் பகிர்வது வாடகை ஆகுமா? பிரிட்டனில் இதே 1988-ல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் பிரிவு 150 இதற்கு நேராகவே பதில் சொல்கிறது: எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றாத காரில், வண்டி ஓடும் செலவைத் தாண்டாமல், புறப்படும் முன்பே பேசி முடித்த தொகையை வாங்கினால், அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கெடாது. நம் சட்டத்தில் அப்படி எழுதிவைத்த விதிவிலக்கு இல்லை. பஸ் நேரம் ஒத்துவராத ஆயிரக்கணக்கானவர்களுக்காக நம் நாடாளுமன்றமும் அதை எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, நீங்கள் லாபத்துக்கு வண்டி ஓட்டவில்லை என்பது கணக்கிலேயே தெரிய வேண்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாக ஒரகடம் போய் வர 70 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார், லிட்டர் 100 ரூபாய் என்றால் சுமார் 470 ரூபாய் ஆகிறது. உங்களையும் சேர்த்து நான்கால் வகுத்தால் தலைக்கு 120-க்குள் வரும். ஆளுக்கு 200 வாங்கினால் கையில் 600 சேரும். செலவு போக மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் உங்களுக்கு எதிரான சாட்சி.

இன்னொன்று, நீங்கள் எப்படியும் போகிற பயணமாக அது இருக்க வேண்டும். பட்டு எடுக்க வருகிறவர்களையும் கோயில் பார்க்க வருகிறவர்களையும் ஞாயிற்றுக்கிழமை அதே காரில் காசுக்கு அழைத்துப் போனால், அது தெளிவான வாடகை. பெர்மிட்டும் வரியும் கட்டி டி போர்டு வண்டி ஓட்டுகிறவர்களின் பிழைப்பையும் அது பறிக்கிறது.

அடுத்தது விபத்து. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். உங்களிடம் இருப்பது வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால், காருக்குள் இருப்பவர்களுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. உங்கள் கவனக்குறைவால் அவர்களுக்கு அடிபட்டால், இழப்பீட்டை உங்கள் கையிலிருந்து கொடுக்க நேரும். மக்கள் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசி இருந்தால், தனியார் காரில் பயணிப்பவர்களுக்கும் அது பொருந்தும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை அதைச் சொன்னது. நேஷனல் இன்சூரன்ஸ் – பாலகிருஷ்ணன் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றமும் இந்த இரண்டு பாலிசிகளின் வேறுபாட்டைத் தெளிவாக்கியது.

ஆனால் அந்தப் பாலிசியிலேயே வண்டியை வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். அதை மீறினால், நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 150-ன் கீழ் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பைத் தட்டிக்கழிக்க வாதாடலாம். செலவுக்கு மேல் வாங்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அபராதத்தைவிட இதுவே பெரிய காரணம். பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடன் வருபவர்களில் ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு இன்னொரு பிடிமானம் உண்டு. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்தை, சூழ்நிலையும் நேரமும் இடமும் வேலையோடு தொடர்புடையவை என்று நிறுவினால், பணியின்போது நடந்ததாகவே கருதும் பிரிவு 51இ, ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் சேர்க்கப்பட்டது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-லும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. ஆகவே வழக்கமான பாதையிலேயே போங்கள்.

ஆப் விஷயத்தில் அவசரம் வேண்டாம். மத்திய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், மாநில அரசு தடுக்காத இடங்களில் சொந்தக் கார்ப் பகிர்வை அனுமதித்தது. ஆனால் ஊர்விட்டு ஊர் போக வாரத்துக்கு இரண்டே பயணம் என்று வரம்பு வைத்தது. தினமும் ஒரகடம் போகிறவருக்கு அது எந்த மூலைக்கு? 2025 ஜூலையில் புதிய வழிகாட்டுதல் அதன் இடத்தில் வந்தது. மத்திய அரசு எப்படிச் சொன்னாலும் நடைமுறைப்படுத்துவது மாநிலம்தான். 2023-ல் பெங்களூரில் ஆப் வழியாக ஓன் போர்டு கார்களைப் பகிர்வது பெரிய சர்ச்சையானது. தமிழ்நாட்டில் அனுமதி பெற்ற ஆப்தானா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டறியாமல் சேராதீர்கள். முகம் தெரிந்த மூவரோடு போவது சட்டத்துக்கும் நல்லது, உங்கள் பாதுகாப்புக்கும் நல்லது.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை:

1. நால்வரும் கையெழுத்திட்டு ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் யார், எந்த வழி, செலவை எப்படிப் பிரிப்பது, இது லாபத்துக்கு அல்ல.

2. பணத்தை மாதக் கடைசியில் பெட்ரோல் பில், சுங்கக் கட்டண விவரத்தோடு கணக்குப் பார்த்து வங்கி வழியாக வாங்குங்கள்.

3. ஏறும் இடத்தை முடிவு செய்யுங்கள். கோயில் கருட சேவை நாளில் ஊருக்குள் கார் நுழைவது கடினம். அன்றைக்கு எங்கே சந்திப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

4. பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். பிரிவு 194பி-ன்படி அபராதம் 1,000 ரூபாய். விபத்தில் போகக்கூடியது அதைவிடப் பெரியது.

முதல் வேலையாகப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால், பேக்கேஜ் பாலிசிக்கு மாறிய பிறகே அவர்களை ஏற்றுங்கள். இவ்வளவும் செய்துவிட்டால் அப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம்: பிடிபடும்படி நான் எதுவும் செய்யவில்லை.